கடைசி வண்டிக்காரன் பாவம் மக்களே!

சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்து விழும். "நாளைக்குக் கொல்லிமலை. யார் யார் வர்றீங்க?" அவ்வளவுதான். திங்கட்கிழமை இண்டர்னல் இருக்கிறவனும் வருவான், பிரேக் ஷூ தேய்ந்து போனவனும் வருவான், வண்டியே இல்லாதவனும் வருவான் (பின்னாடி சீட் எதற்கு இருக்கிறது?). விடிகாலை ஐந்து மணிக்குத் திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்து டீக்கடையில் எட்டு வண்டி நிற்க வேண்டும் என்று முடிவாகும். ஐந்து என்றால் ஆறரை என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்த மாதிரிக் கும்பல் இல்லாத கல்லூரி தமிழ்நாட்டில் இருக்காது. பேர் கிடையாது, தலைவர் கிடையாது, சந்தா கிடையாது, டீ-ஷர்ட் கிடையாது. வாட்ஸ்அப் குரூப்புக்கு மட்டும் வாரம் ஒரு பேர் மாறும். இருக்கிற ஒரே சட்டம், "சேர்ந்து போறோம், சேர்ந்து வர்றோம்". கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிஜத்தில் சேர்ந்து போகிறார்களா?

வண்டிகளைப் பாருங்கள். ஒரு டியூக் 200, ஒரு ஆர்15, இரண்டு பல்சர், ஒரு அப்பாச்சி, மாமா வாங்கிக் கொடுத்த புல்லட் ஒன்று, அக்காவின் ஆக்டிவா, அப்பாவின் ஸ்ப்ளெண்டர். டியூக்குக்கு 25 குதிரைத்திறன். ஸ்ப்ளெண்டருக்குச் சுமார் 8. அதிலும் வண்டி இல்லாத நண்பர் எப்போதும் ஸ்ப்ளெண்டரில்தான் ஏறுவார், ஏனென்றால் அதில்தான் சீட் உட்காருகிற மாதிரி இருக்கும். ஆக, எட்டு குதிரை இரண்டு பேரைச் சுமக்கிறது, இருபத்தைந்து குதிரை ஒருவரைச் சுமக்கிறது. இரண்டும் ஒரே ரோட்டில் "சேர்ந்து" போக வேண்டும்.

காவிரிப் பாலம், நம்பர் 1 டோல்கேட், குணசீலம், முசிறி, தொட்டியம், நாமக்கல். இதுதான் வழி. அழகான ரோடு, ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் வாழைத்தோப்பு. அகலம்தான் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை. எதிரே பஸ், முன்னால் வாழைத்தார் ஏற்றிய லாரி. டியூக்காரர் ஒரு சொடுக்கில் லாரியைத் தாண்டிவிடுவார். ஆர்15 தாண்டும், பல்சர்கள் தாண்டும். கடைசியில் வருகிற ஸ்ப்ளெண்டர் தாண்டப் பார்க்கும்போது எதிரே ஒரு பஸ் வரும். அதை விட்டால் ஒரு வேன். அதற்குப் பிறகு ஒரு வளைவு. இப்படியே இரண்டு நிமிஷம் போய்விடும்.

இங்கேதான் ஒரு கணக்கு இருக்கிறது. முன்னால் போகிறவர்கள் 60 கிலோமீட்டர் வேகத்தில், ரொம்ப நல்ல பிள்ளைகளாகவே போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரிக்குப் பின்னால் மாட்டிய ஸ்ப்ளெண்டர் ஒரு கிலோமீட்டர் பின்தங்கிவிட்டது. அதைப் பிடிக்க அவன் 80இல் போனால் மூன்று நிமிஷம் ஆகும், நாலு கிலோமீட்டர் ஓடியிருப்பான். 70இல் போனால் ஆறு நிமிஷம், ஏழு கிலோமீட்டர். அதற்குள் இன்னொரு லாரி வரும். அதாவது முன்னால் போகிறவன் 60இல் சொகுசாகப் போக, பின்னால் வருகிறவன் நாள் முழுவதும் 80இல் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். முன்னால் போகிறவன் 80 போனால்? ஸ்ப்ளெண்டரில் இரண்டு பேரோடு 100 போக முடியுமா என்று அந்த வண்டி வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்.

கும்பலாகப் போகும்போது எல்லோரும் திட்டுவது முன்னால் பறக்கிறவனை. "ஏன்டா இப்படிப் பறக்குற" என்று. அவனுக்குப் பவர் இருக்கிறது, நல்ல டயர் இருக்கிறது, ஏபிஎஸ் இருக்கிறது, எதிரே வெறும் ரோடு இருக்கிறது. (பறப்பது சரி என்று இதற்கு அர்த்தம் இல்லை.) நிஜமான ஆபத்தில் இருப்பவன் கடைசி வண்டிக்காரன். அவன்தான் தன் வண்டிக்குத் தாங்காத வேகத்தில், தன் கைக்குப் பழகாத ரோட்டில், பார்வையில் இல்லாத ஒருவனைத் துரத்துகிறான். தாண்டக்கூடாத இடத்தில் தாண்டுகிறான். "மெதுவா வா மச்சி, ஒண்ணும் அவசரமில்ல" என்று சத்திரத்தில் சொன்னது உண்மைதான். ஆனால் முசிறி டீக்கடையில் அவன் வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் என்ன கேட்கிறார்கள்? "என்னடா, வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்தியா?" அவன் டீ வாங்குவதற்குள் மற்றவர்கள் குடித்து முடித்துவிடுவார்கள். இரண்டு வாய் குடிப்பதற்குள் டியூக் ஸ்டார்ட் ஆகிவிடும். ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவனுக்குத்தான் ஓய்வு குறைவு. அடுத்த நாற்பது கிலோமீட்டரில் அவன் எப்படி ஓட்டுவான் என்று நினைக்கிறீர்கள்?

கலாய்ப்பது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. கலாய்க்காமல் என்ன நட்பு? ஆனால் வேகத்தை வைத்துக் கலாய்க்கும்போது அது வலது கை மணிக்கட்டில் போய் வேலை செய்கிறது. மற்ற கலாய்ப்புக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

சரி, மலைக்கு வருவோம். நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. வல்வில் ஓரி ஆண்ட மலை, கடையேழு வள்ளல்களில் ஒருவர், இதெல்லாம் பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்தில் படித்தது. எல்லோரும் சேர்ந்து அடிவாரத்தில் ஒரு போட்டோ எடுப்பார்கள். ஸ்டேட்டஸில் போடப்போகும் அந்த போட்டோவில் எட்டு வண்டியும் ஒரே வரிசையில் நிற்கும். பார்ப்பவர்கள் இவர்கள் வழி முழுக்க இப்படியேதான் வந்தார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஏறும்போது ஸ்ப்ளெண்டர் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவே திண்டாடும். ஆனால் ஏற்றத்தில் பெரிய ஆபத்து இல்லை. என்ன, கொஞ்சம் நேரமாகும். மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி, தெரிந்தவர்கள் விடுவார்கள். மேட்டர் எல்லாம் இறக்கத்தில் இருக்கிறது.

கொல்லிமலை போனால் ஆகாய கங்கை அருவி பார்க்காமல் வரமாட்டார்கள். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்தில் இருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். குளித்துவிட்டு அத்தனை படியும் ஏற வேண்டும். ஏறி முடித்தவர்கள் காலைப் பாருங்கள், தொடையில் இருந்து கணுக்கால் வரை தானாக ஆடும். இரண்டு தட்டு பரோட்டா, அரைமணி நேரம் போட்டோ, மணி நாலரை. "இருட்டுறதுக்குள்ள இறங்கிடலாம்" என்று கிளம்புவார்கள். நடுங்குகிற அதே வலது காலால்தான் எழுபது வளைவுக்கும் பின் பிரேக்கை அழுத்த வேண்டும். யாராவது இதை யோசித்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பியதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இறக்கத்தில் ஸ்ப்ளெண்டருக்கும் ஆக்டிவாவுக்கும் இருக்கிற பிரச்சினை டியூக்காரருக்குத் தெரியவே தெரியாது. அவருக்கு முன்னும் பின்னும் டிஸ்க். பழைய ஸ்ப்ளெண்டருக்கு இரண்டு பக்கமும் டிரம். தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் டிரம் சூடாகும், சூடானால் பிடிப்பு குறையும், குறைந்தால் இன்னும் அழுத்துவான், இன்னும் சூடாகும். கியர் வண்டியில் இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுத்துவைக்கும். ஏறின கியரில்தான் இறங்க வேண்டும் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது அதனால்தான். ஸ்கூட்டரில் கியர் போட்டு இறங்க வழியில்லை. கியர் வண்டி அளவுக்கு இன்ஜின் பிடிக்காது, முழுச்சுமையும் பிரேக் தலையில். இதெல்லாம் போதாதென்று பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இன்ஜினை அணைத்து நியூட்ரலில் இறங்குகிற அறிவாளிகளும் எல்லாக் கும்பலிலும் ஒருவராவது உண்டு. அவர் மிச்சம் பிடிப்பது ஒரு டீ காசு.

ஆக்டிவாவில் வருகிற தோழிக்கும் இதே கதைதான். அவரைக் கும்பலில் சேர்க்கும்போதே "உன்னால முடியுமா, வேணும்னா பின்னாடி உட்கார்ந்து வா" என்பார்கள். அவரால் முடியாது என்பதல்ல காரணம், அவருக்காகக் காத்திருக்க இவர்களால் முடியாது. ஐந்து வளைவுக்கு ஒருமுறை இரண்டு நிமிஷம் நிறுத்தி பிரேக்கை ஆறவிட்டால் ஆக்டிவாவும் பத்திரமாக இறங்கும். நிற்பதற்குத்தான் ஆள் இல்லை.

இப்போது இப்படி ஒன்று நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்தாறாவது வளைவில் ஸ்ப்ளெண்டருக்குப் பின் டயர் பஞ்சர். செல்லில் சிக்னல் இல்லை. லைவ் லொகேஷன் ஷேர் பண்ணியிருக்கிறார்கள்தான், ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் அந்தப் புள்ளி எங்கேயோ பத்து வளைவுக்கு முன்னால் உறைந்து நிற்கும். மற்ற ஏழு வண்டியும் காரவள்ளியில். "வந்துடுவான்டா" என்று ஒருவர். "முன்னாடியே போயிருப்பானோ?" என்று இன்னொருவர். அவன் முன்னால் போயிருக்க வாய்ப்பே இல்லை, ஆனால் அவனைக் கடைசியாகப் பார்த்தது எங்கே என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. பஞ்சர் என்பதால் பரவாயில்லை. பஞ்சர் இல்லாமல் வேறு ஏதாவது என்றால், 108க்குப் போன் செய்ய ஒருவன் அங்கே இருந்திருக்க வேண்டும். அவனைத் தேட ஆரம்பிக்கவே நாற்பது நிமிஷம் ஆகிறது என்றால், "சேர்ந்து வந்தோம்" என்பதற்கு என்ன அர்த்தம்?

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டிக்காரர்கள். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் மாநிலம் தமிழ்நாடு.

அப்புறம் வீடு. எட்டு பேரில் ஐந்து பேர் வீட்டில் "கம்பைன் ஸ்டடி" என்று சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். ஏதாவது ஆனால் யாருடைய அப்பா நம்பரும் யாரிடமும் இருக்காது. மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனின் ரத்த வகை தெரியாது, அவன் எந்த நடிகருக்கு ரசிகன் என்று மட்டும் தெரியும்.

பி.காம் படிக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. அப்பா பேரில் இருக்கிற ஸ்ப்ளெண்டரை மகன் ஓட்டிக்கொண்டு போய் விழுந்தால் இன்சூரன்ஸ் என்ன தரும்? 2018 செப்டம்பரில் இருந்து புது டூவீலர் வாங்கும்போதே ஐந்து வருஷத்துக்கு தேர்ட் பார்ட்டி எடுத்தாக வேண்டும். அது இடிபட்டவருக்கு. 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒன்று சேர்ந்து வரும், அது லைசென்ஸ் வைத்திருக்கிற உரிமையாளர் ஓட்டினால் அவருக்கு. ஆர்சி புத்தகத்தில் பேர் அப்பாவுடையது, ஓட்டியது மகன். அந்தப் 15 லட்சம் அவனுக்கு இல்லை. நண்பனின் வண்டியை ஒரு ரவுண்டு கேட்டு வாங்கி ஓட்டுகிறவருக்கும் இல்லை. பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் நிலைமை இன்னும் மோசம். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், ஓசியில் பின்னால் உட்கார்ந்து வருகிறவரை அது கட்டாயம் காப்பதில்லை என்று 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஐந்து வருஷம் முடிந்த பழைய வண்டிக்கு அந்த தேர்ட் பார்ட்டியே இருக்கிறதா என்பது தனிக்கதை.

கூட்டாண்மைச் சட்டம் 1932 ஞாபகம் இருக்கிறதா? ஒப்பந்தம் எழுதாவிட்டால் லாபமும் நட்டமும் எல்லோருக்கும் சமபங்கு. இந்தக் கும்பலில் ஒப்பந்தமும் இல்லை, லாபமும் இல்லை (லாபம் இல்லாததால் இது கூட்டாண்மையே இல்லை என்று ப்ரொபசர் மார்க்கைக் குறைப்பார்). பரோட்டா பில்லைச் சமமாகப் பிரிக்கிறார்கள், பெட்ரோலைக்கூடச் சமமாகப் பிரிக்கிறார்கள். ஆனால் ஆபத்தை மட்டும் மொத்தமாகக் கடைசி வண்டியின் பேரில் எழுதிவிடுகிறார்கள்.

"அப்போ என்னதான் பண்ணச் சொல்ற? தலைவர், செயலாளர், பொருளாளர்னு எலெக்‌ஷன் வைக்கணுமா?" என்று கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். பேர் வைத்து, ஸ்டிக்கர் அடித்து, டீ-ஷர்ட் போட்ட பிறகு ஆறே மாதத்தில் இரண்டாக உடைந்த கும்பல்கள் ஊருக்கு ஊர் உண்டு. பேர் இல்லாமல் இருப்பதுதான் இந்த மாதிரி கும்பலின் அழகே. யார் வேண்டுமானாலும் வரலாம், வராமலும் இருக்கலாம். ஆனால் பெரிய கிளப்காரர்கள் ரொம்ப நாளாகச் செய்கிற ஒரு காரியத்தைக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், இந்த இரண்டு பேர் மட்டும் காலையில் முடிவாகிவிட வேண்டும். கடைசியில் வருகிறவர் நன்றாக ஓட்டத் தெரிந்தவராக, நல்ல வண்டி வைத்திருப்பவராக இருக்க வேண்டும். ஆமாம், டியூக்காரர்தான். ஸ்ப்ளெண்டருக்குப் பின்னால் டியூக். எந்தத் திருப்பம் வந்தாலும், முன்னால் போகிறவருக்கு அடுத்தபடியாக வருகிற வண்டி அந்தத் திருப்பத்தில் ஓரமாக நின்றுவிட வேண்டும். எல்லோரும் திரும்பி, கடைசி ஆள் கண்ணில் பட்ட பிறகு அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்ள வேண்டும். அடுத்த திருப்பத்தில் வேறொருவர் நிற்பார். அவ்வளவுதான் விஷயம். இதில் என்ன பெரிய லாபம் என்றால், யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை. முன்னால் போகிறவன் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வழி தவறாது, திருப்பத்தில் ஒரு ஆள் நிற்பான் என்று தெரியும். அந்த நம்பிக்கை இருந்தால் லாரிக்குப் பின்னால் ஸ்ப்ளெண்டர் 40இல் பாட்டுப் பாடிக்கொண்டு வரலாம் :)

வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு போரடிக்கும் என்பது நிஜம். அதை இல்லை என்று சொல்லக்கூடாது. 40இல் ஓட்டினால் டியூக் சூடாகி இரண்டு முழங்காலையும் வறுக்கும், பாவம். அதற்காகக் கடைசி ஆள் வேலையை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம், போகும்போது ஒருவர், வரும்போது ஒருவர். "ரூல்ஸ் போட்டா ஜாலி போயிடும்" என்பதுதான் ஒப்புக்கொள்ள முடியாத பேச்சு. ரைடில் ஜாலி எங்கே இருக்கிறது? ஹெல்மெட்டுக்குள்ளே எல்லோரும் தனித்தனி ஆள்தான். பேச்சும் சிரிப்பும் வண்டி நிற்கிற இடத்தில்தான் இருக்கிறது, தொட்டியம் டீக்கடையில், சோளக்காட்டில் பலாச்சுளை வாங்குகிற இடத்தில், பஞ்சர் ஒட்டுகிறவருக்காகக் காத்திருக்கிற புளியமரத்தடியில். பத்து வருஷம் கழித்து யாரும் 118 தொட்டதைப் பேசப்போவதில்லை. பஞ்சர் ஆன கதையைத்தான் திரும்பத் திரும்பப் பேசுவார்கள்.

கடைசியாக அந்தப் பெட்ரோல் கணக்கு. போக வர உத்தேசமாக 300 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கொடுக்கிற ஸ்ப்ளெண்டருக்கு 5 லிட்டர், 30 கொடுக்கிற டியூக்குக்கு 10 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் இவனுக்கு 500, அவருக்கு 1000. சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 750. அதாவது முன்னால் பறந்து போய்ப் புள்ளியாக மறைந்தவரின் பெட்ரோலுக்கு, பின்னால் துரத்திக்கொண்டு வந்தவன் 250 ரூபாய் கட்டியிருக்கிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதற்குள் அதையாவது அவனுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கப்பா.